இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பொத்தான்

அட்ராக்டா கெராட்டி ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பிரசங்கம் முடிந்ததும் எழுந்து போய்விடுவாள். பன்னிரண்டு வருடமாக இதே கதைதான். புதிதாக வந்த பங்குத் தந்தை தன் பிரசங்கம்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்து, முதல் இரண்டு மாதம் அதைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார். ஊருக்கு அதில் பரம சந்தோஷம். அவள் மட்டும் அப்போதும் எழுந்து போனாள். அவளுக்குப் பிரசங்கத்தோடு ஒரு சண்டையும் இல்லை. வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் பாய்லர் நின்றுபோயிருக்கும். கொல்லைக் கொட்டகைக்குப் போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால், பக்கவாதத்தில் படுத்துக் கிடக்கும் அண்ணன் கோல்மன் குளிரில் விறைத்துப்போவார்.

நான் டெஸ்ஸி. ரோஸ்காமன் பக்கத்தில் முப்பது வருடமாக எண்ணெய் பாய்லர் பழுது பார்க்கிறேன். எனக்கு முன்கோபம் என்று ஊரில் சொல்வார்கள். வீட்டுக்கு வேண்டியதைப்போல மூன்று மடங்கு பெரிய பாய்லரை வாங்கி மாட்டிவிட்டு, அது ஏன் நின்று நின்று ஓடுகிறது என்று என்னைக் கேட்பவர்களிடம் மட்டும்தான் எனக்குக் கோபம் வரும். எங்கள் பக்கத்தில் அது பாதி ஊர் என்பதால் என் பெயர் கெட்டுவிட்டது.

அட்ராக்டாவுக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது. நாற்பத்திரண்டு வயது வரை பக்கத்து டவுன் கேஸில்ரேயில் மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். கூட வேலை செய்த கான்செப்டாவும் அவளும் வெள்ளிக்கிழமை தவறாமல் சினிமாவுக்குப் போவார்கள். படம் நன்றாக இல்லையென்றால் பாதியில் எழுந்து வந்து வறுத்த மீன் வாங்கித் தின்றுகொண்டே நடிகர்களைத் திட்டுவார்கள். பிறகு அம்மா படுத்தாள். ஆறு மாதம் லீவு வேண்டும் என்று கடையில் சொல்லிவிட்டு வந்தாள். அம்மா நாலு வருடம் இருந்தாள். அம்மாவை அடக்கம் செய்த அடுத்த மாதமே கோல்மனுக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. கடையில் அந்த ஆறு மாத லீவு இன்னும் முடியவில்லை என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். கேட்பவனுக்குத்தான் சிரிப்பு வராது.

கோல்மனுக்கு எழுபது வயது, கல்யாணம் இல்லை. லண்டனில் கட்டட மேஸ்திரியாக இருந்து, அம்மா படுத்த வருடம் ஊர் திரும்பியவர். திரும்பிய கையோடு வீட்டை இடித்துக் குடைந்து வெந்நீர்க் குழாய் போட்டார். வீட்டை ஆறு பகுதியாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு வால்வு, சூட்டைக் கூட்டிக் குறைக்கச் சுவரில் ஒரு தெர்மோஸ்டாட். கொட்டகையில் ஒரு பள்ளிக்கூடத்துக்கே சூடு கொடுக்கும் அளவுக்கு ஒரு பாய்லர். பார்க்க வந்த ஊர்க்காரர்களை ஒவ்வொரு அறையாகக் கூட்டிப்போய் ஒவ்வொரு தெர்மோஸ்டாட்டையும் திருகிக் காட்டினாராம். ஆனால் அந்த ஆறு பகுதியும் ஒன்றாகச் சூடானது அந்த ஒரு நாள்தான்.

ஏனென்றால் எங்கள் ஆட்கள் ஆள் இல்லாத அறைக்குச் சூடு கொடுக்கமாட்டார்கள். அது எங்கள் ரத்தத்தில் கிடையாது. மாடி மூன்று அறைக்கும் சூட்டை அடைத்தாயிற்று. சமையலறைக்கு அடுப்புச் சூடே போதும். நல்ல அறையைப் பற்றிப் பேசவே வேண்டாம். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் ஒரு நல்ல அறை உண்டு. நல்ல நாற்காலி, நல்ல பீங்கான், சுவரில் திருஇருதயப் படம் எல்லாம் அங்கேதான். எங்கள் முறை வரும்போது பங்குத் தந்தை வந்து வைக்கும் வீட்டுப் பூசை அங்கே நடக்கும். யாராவது செத்தால் அங்கே கிடத்துவோம். மற்ற நாளில் அதன் கதவைத் திறப்பதுகூட ஏதோ துடுக்குத்தனம். ஆக மிச்சம் இருந்தது கோல்மன் படுத்திருக்கும் அறை ஒன்றுதான். அங்கே சுவரோரம், வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் ஒரு சின்ன ரேடியேட்டர்.

இதை நான் மூன்று குளிர்காலம் கவனிக்கவில்லை. வருவேன், எண்ணெய் பீய்ச்சும் மூக்கை மாற்றுவேன், தீயைப் பார்க்கும் கண்ணாடிக் கண்ணைத் துடைப்பேன், அட்ராக்டா கொடுக்கும் தேநீரையும் வெண்ணெய் தடவிய ரொட்டியையும் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவேன். பத்து நாள் நன்றாக ஓடும். பிறகு பழையபடி. வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல. கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வியை இந்த ஜனவரியில்தான் கேட்டேன்.

"வீட்ல எத்தனை ரேடியேட்டர் ஓடுது?"

"ஒண்ணு."

"ஒண்ணா?"

"அண்ணன் ரூம்ல. வேற யாரு இருக்கா இங்க, சூடு காய?"

"ஏன், நீங்க இல்லையா?"

"எனக்கு வெந்நீர் பாட்டில் இருக்குப்பா. நீ ரொட்டியச் சாப்பிடு."

ரொட்டியை வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போய், கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாய்லர் பற்றியது. ஒன்றரை நிமிடத்தில் தண்ணீர் ஏற வேண்டிய சூட்டுக்கு ஏறிவிட்டது. அந்தச் சின்ன ரேடியேட்டர் எவ்வளவு சூட்டை வாங்கும்? போக இடமில்லாத சூடு பாய்லருக்கே திரும்பி வந்தது. பாய்லர் அணைந்தது. நாலு நிமிடத்தில் ஆறியது. மறுபடி பற்றியது. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு நாளைக்கு இருநூற்றைம்பது தடவைக்கு மேல். ஒவ்வொரு முறை பற்றும்போதும் கொஞ்சம் எண்ணெய் ஒழுங்காக எரியாமல் கரியாகும். கரி படிந்து கண்ணை மறைக்கும். கண் தெரியாமல் தீயே இல்லை என்று பயந்து பாய்லர் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். அப்போது சிவப்பு விளக்கு எரியும், பொத்தானை அழுத்தினால்தான் மறுபடி ஓடும். சராசரியாக இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை.

அட்ராக்டாவின் உலகம் அந்த இரண்டு மணி நேரத்துக்குள் இருந்தது. கேஸில்ரே கடைக்குப் போய்வரலாம், ஆனால் வழியில் யாரோடும் நின்று பேச முடியாது. பல்லைப் பிடுங்கிக்கொள்ளலாம், பல் கட்டிக்கொள்ள முடியாது. சொந்தச் சித்தப்பா மகள் அடக்கத்துக்குப் போனவள் கல்லறைத் தோட்ட வாசலோடு திரும்பிவிட்டாள். கடலைப் பார்த்துப் பதினாறு வருடம் ஆகிறது என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். எங்கள் ஊரிலிருந்து கடல் ரயிலில் ஒரு மணி நேரம்.

அந்தக் கடலோரத்தில், வெஸ்ட்போர்ட்டில், கான்செப்டா இப்போது விருந்தினர் விடுதி நடத்துகிறாள். கிறிஸ்துமஸுக்கு அவள் எழுதிய கடிதத்தை அட்ராக்டா என்னிடம் படித்துக் காட்டினாள். காலைச் சாப்பாடு, படுக்கை விரிப்பு இரண்டையும் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் வேண்டும். தங்க மாடியில் ஒரு அறை, ஜன்னலைத் திறந்தால் துறைமுகம். புனித பிரிஜித் திருநாளன்று, பிப்ரவரி ஒன்றாம் தேதி, வேலை ஆரம்பம். ஜனவரி இருபத்துநாலாம் தேதி சனிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வாள். கடைசி வரி மட்டும் பெரிய எழுத்தில் இருந்தது: நீ வருவாய் என்று தெரியும், ஆனாலும் சொல்லிவிடு.

"அண்ணனைப் பாத்துக்க ஆள் கிடைக்குமா?" என்றேன்.

"சுகாதார நர்ஸ் காலையில ஒருத்தி, மத்தியானம் ஒருத்தி, ராத்திரி ஒருத்தின்னு ஏற்பாடு பண்ணிட்டா. எல்லாம் தயார். ஆனா வர்ற பொண்ணுங்க கொல்லைக்குப் போயி பொத்தான் அழுத்தமாட்டாங்களாம். ஏழு நாள் தொடர்ந்து இந்தப் பாழாப்போனது பூட்டிக்காம ஓடினாத்தான் கையெழுத்துப் போடுவாளாம். நடுவுல ஒரு தடவை நின்னாலும் மறுபடி ஒண்ணாம் நாள்ல இருந்து எண்ணணும்."

"கோல்மனுக்குத் தெரியுமா?"

"கடுதாசியப் பத்தியா? காதுக்கு என்ன குறை அவருக்கு? எல்லாம் கேட்டுட்டு, போறவ போகட்டும்னு சொவத்தப் பாத்துத் திரும்பிக்கிட்டார். போறதுக்கு இந்த பாய்லர் விட்டாத்தானே, டெஸ்ஸி? எத்தனை வருஷமா எல்லார்கிட்டயும் சொல்றேன், இது மட்டும் ஒழுங்கா ஓடட்டும், நான் நாளைக்கே ரயிலேறுறேன்னு."

அவள் குரலில் அவ்வளவு ஆசை இருந்தது. மூன்று வருடம் அவள் ரொட்டியைத் தின்றவன் நான். இந்தத் தடவை பாய்லரை ஒழுங்கு பண்ணாமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

புத்தகப்படி செய்தால், நடுவில் ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி வைத்து மிச்சச் சூட்டை அதில் சேர்த்துவைக்க வேண்டும். தொட்டி டப்ளினிலிருந்து வர ஆறு வாரம் ஆகும். ஆனால் நல்ல அறையில் என்ன இருந்தது தெரியுமா? மூடப்பட்ட கன்னியர் மடத்திலிருந்து கோல்மன் வாங்கிவந்த இரண்டு வார்ப்பிரும்பு ரேடியேட்டர்கள். ஒவ்வொன்றும் பசுமாட்டு உயரம், வயிறு கொள்ளாத தண்ணீர். அவை இரண்டும் சேர்ந்தால் எந்தத் தொட்டிக்கும் குறைவில்லை. கோல்மன் அறை சூடு கேட்கும்போதெல்லாம் நல்ல அறை வால்வும் கூடவே திறக்கும்படி கொட்டகையில் இணைத்துவிட்டால், பாய்லர் நிதானமாக எரியும். கூடவே மூக்கையும் அந்த பாய்லர் தாங்கும் மிகச் சின்ன அளவுக்கு மாற்றலாம்; அணையும் சூட்டுக்கும் பற்றும் சூட்டுக்கும் இடைவெளியைக் கூட்டலாம். ஒரு பகல் வேலை.

கோல்மனிடம் சொல்லப் போனேன். அவருக்கு இடது பக்கம்தான் விழுந்தது. வலது பக்கம் முழு மேஸ்திரியாகவே மிச்சம் இருந்தது. உடம்பு நன்றாக இருக்கும் நாளில், நடக்க உதவும் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக் கழிப்பறை வரைக்கும் தானாகவே இழுத்துக்கொண்டு போய்வருவார்.

"நல்ல அறைக்குச் சூடு போகணும், கோல்மன்."

"என்னடா சொன்ன?"

"நல்ல அறைக்கு."

"அது வீட்டுப் பூசைக்கும் பொணத்துக்கும்டா. உன் எண்ணெய் நாத்தத்துக்கு இல்ல."

"பொணம் வர்ற வரைக்கும் அது கொஞ்சம் சூடா இருந்தா யாருக்கு நஷ்டம்?"

"பொணத்துக்குத்தான்!"

அட்ராக்டா கதவருகே நின்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆறு பகுதிடா," என்றார் கோல்மன். "லண்டன்ல பெரிய ஹோட்டல்லகூட இப்படித்தான் போட்டோம்."

"ஹோட்டல்னா ஆறு பகுதியிலயும் ஆள் இருக்கும், கோல்மன். இங்க நீங்க ஒருத்தர்தான். ஒரு ஆளுக்கு டீ போட, கல்யாணப் பாத்திரத்த அடுப்புல ஏத்தி வெச்சிருக்கீங்க."

அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். "என்னமோ பண்ணித் தொலைங்க. நான் செத்தா எங்க கிடத்துவீங்கன்னு பாக்கறேன்."

அந்தச் சாயங்காலம் வேலை முடிந்து பாய்லரைப் பற்றவைத்தபோது அட்ராக்டா கொல்லையில் வந்து நின்றாள். ஐந்து நிமிடம் ஓடியது. பத்து நிமிடம் ஓடியது. அவள் கம்பளிச் சட்டையை இழுத்துப் போர்த்திக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள்.

"இன்னும் நிக்கலையே, டெஸ்ஸி. ஏதாவது கோளாறா?"

"இதுதாங்க ஓடுறது."

பதினெட்டு நிமிடம் எரிந்துவிட்டு அணைந்தது. நாற்பது நிமிடம் அடுத்த தீ இல்லை. நல்ல அறைக்குள் போனோம். திருஇருதயப் படத்துக் கண்ணாடியில் வியர்த்திருந்தது. அட்ராக்டா ரேடியேட்டர் மேல் கையை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். சந்தோஷப்படுகிறாள் என்று நினைத்தேன். நான் மனிதர்களைவிட பாய்லரை நன்றாகப் படிப்பவன் என்று என் மனைவி சொல்வாள், சரியாகத்தான் சொல்கிறாள்.

நாலாம் நாள் போன் வந்தது. "சிவப்பு விளக்கு எரியுதுப்பா."

ஓடினேன். கொட்டகையில் இணைப்பு சரியாக இருந்தது. வால்வு திறந்திருந்தது. நல்ல அறையில் ரேடியேட்டர் இரண்டும் கல்லறைக் கல்போல ஜில்லென்று கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் அடியில் கைத்திருகு ஒன்று உண்டு. இரண்டும் இறுக மூடியிருந்தன. துடைக்கும்போது கை பட்டிருக்கும் என்று திறந்துவிட்டேன். நர்ஸின் ஏழு நாள் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தது.

பதினாறாம் தேதி சாயங்காலம் மறுபடி போன். மறுபடி சிவப்பு விளக்கு, மறுபடி இரண்டு திருகும் மூடியிருந்தன. தற்செயலாகக் கை பட்டு யாரும் எட்டுச் சுற்று திருகமாட்டார்கள். கான்செப்டா சொன்ன சனிக்கிழமைக்கு இன்னும் எட்டே நாள் இருந்தது. ஏழு நாள் ஓடிக் காட்ட வேண்டும். இன்று ஆரம்பித்தால்தான் உண்டு.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. அட்ராக்டா சமையலறையில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள். நான் நேராகக் கோல்மன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.

"நல்லா இருக்கா உங்களுக்கு?" என்றேன். "பதினாறு வருஷம் ஒரு பொம்பளையக் கட்டிப்போட்டாச்சு. இப்ப அவ போற நேரத்துல, ராத்திரியோட ராத்திரியா அந்தச் சட்டத்த இழுத்துட்டுப் போயி திருகை மூடி வெக்கிறீங்களே, மனசாட்சி இல்லையா? உங்க பெரிய பாய்லரும் உங்க ஆறு பகுதியும்!"

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பாதி வாயில் ஒரு சிரிப்பு வந்தது.

"அந்தத் திருகு எங்கடா இருக்கு?"

"தரையோரமா."

"நான் குனிஞ்சா எழுந்திருப்பேனா?"

அவரால் தன் காலுறையைக்கூடக் குனிந்து இழுக்க முடியாது. இது எனக்குத் தெரியும், தெரிந்தும் யோசிக்கவில்லை.

"இந்தச் சொவத்துக்கு அந்தப் பக்கம்தான் நல்ல அறை," என்றார். வார்த்தைகளை ஒவ்வொன்றாக நகர்த்திப் பேசினார். "மத்தியானம் நான் தூங்கறதா நினைச்சுக்கிட்டு வருவா. செருப்புச் சத்தம் கேக்கும். திருகு கிறீச்சிடும். ரெண்டு. அப்புறம் சத்தமே இருக்காது. அங்கயே உக்காந்திருப்பா. அரைமணி, முக்கால்மணி."

"அட்ராக்டாவா? அவங்களே எனக்குப் போன் பண்றாங்களே!"

"பண்ணுவா. நீ வந்து திறக்கணும்னும் இருக்கு அவளுக்கு. மூடணும்னும் இருக்கு."

"நீங்க ஏன் சொல்லல?"

"சொன்னா என்னடா ஆகும்? என்னை விட்டுப் போக அவளுக்கு மனசு வரலன்னு நான் நினைக்கிறேன்னு தெரிஞ்சா, அதைப் பொய்யாக்க மனசில்லாம இருந்துடுவா." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "டேய் டெஸ்ஸி. அந்தத் திருகைக் கழட்டி எடுத்துட முடியுமா?"

"முடியும்."

"கழட்டு."

நல்ல அறைக்குப் போய் முழங்காலிட்டேன். முதலில் இரண்டையும் முழுக்கத் திறந்தேன். பிறகு நடுத் திருகாணியைக் கழற்றி, கைப்பிடி இரண்டையும் எடுத்தேன். மொட்டைத் தண்டு மட்டும் நின்றது. இடுக்கி இல்லாமல் இனி அதை அசைக்க முடியாது. எழுந்து திரும்பினால், தேநீர்த் தட்டோடு அட்ராக்டா வாசலில் நிற்கிறாள். என் கையைப் பார்த்தாள்.

"அதை மாட்டிடு, டெஸ்ஸி."

"மாட்டமாட்டேங்க."

தட்டை மேஜையில் வைத்தாள். யாரும் உட்காராத நல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எனக்கே ஏன்னு தெரியலப்பா," என்றாள். "மூடினதும் மூச்சு வர்ற மாதிரி இருக்கு. ரெண்டு மணி நேரத்துல சிவப்பு விளக்கு எரிஞ்சதும், ஐயோ என்ன பண்ணிட்டேன்னு ஆயிடுது. உடனே உனக்குப் போன் பண்றேன்." புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஐம்பத்தெட்டு வயசு. அங்க போயி என்ன பண்ணுவேன்? படுக்கை விரிக்கச் சொல்லுவா, விரிப்பேன். முட்டை பொரிக்கச் சொல்லுவா, பொரிப்பேன். அதுக்கப்புறம்? சாயங்காலம் அந்த ரூம்ல போயி உக்காந்தா, யாரும் என்னைக் கூப்பிடமாட்டாங்க. எதுவும் நின்னுபோகாது. இத்தனை வருஷமா என்ன சொல்லிட்டிருந்தேன்? பாய்லர்தான் என்னைப் பிடிச்சு வெச்சிருக்குன்னுதானே. அதை நீ சரி பண்ணிட்ட. இனி நான் யாரைக் குத்தம் சொல்றது?"

எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் மேல் இல்லை. ஆறு மாதம் என்று சொல்லிவிட்டு ஒரு மனுஷியைப் பதினாறு வருடம் பிடித்துவைத்துவிட்டு, கதவு திறந்தபோது அவளுக்கு நடக்கவே மறந்துபோகும்படி செய்த எல்லாவற்றின் மேலும் வந்தது. அதில் நானும் உண்டு. மூன்று குளிர்காலம் மூக்கை மாற்றிவிட்டுப் போனவன்தானே.

"எனக்குப் பதில் தெரியாதுங்க," என்றேன். "ஆனா இந்த ரேடியேட்டரை இனி உங்களால மூட முடியாது. அவ்வளவுதான் என்னால முடிஞ்சது."

அப்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கோல்மன் கத்தினார். நாக்குக் குழறினாலும் வேலையாட்களை மேய்த்த தொண்டை அது.

"போய்த் தொலையேன்டி! பன்னெண்டு வருஷமா காலையில கண்ணத் தொறந்தா உன் மூஞ்சிதான் எனக்கு. சாப்டியா, தூங்கினியா, பாத்ரூம் போனியான்னு ஒரே பாட்டு. எனக்கு மட்டும் அலுக்காதா? வேற ஒருத்தி வந்து கேட்டா நான் வேற பதில் சொல்லிட்டுப் போறேன்!"

அட்ராக்டா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கோபம் வரும் என்று பயந்தேன். அவள் சிரித்தாள், சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"உம் மூஞ்சி மட்டும் என்ன வாழுதாம்!" என்று அவளும் சுவரைப் பார்த்துக் கத்தினாள்.

"அப்ப எதுக்குடி இருக்க?"

அவள் எழுந்தாள். பாவாடையை நீவிவிட்டாள். நடைக்குப் போய் போனை எடுத்தாள். எண்ணைப் பார்க்காமலே அழுத்தியதைப் பார்த்தால், இதற்கு முன்னும் எத்தனையோ தடவை அழுத்தி அழுத்தி வைத்திருக்கிறாள் என்று தோன்றியது. மறுமுனையில் மணி அடிக்க ஆரம்பித்தது. நான் தேநீர்த் தட்டை எடுத்துக்கொண்டு நடுவில் நின்றேன், உள்ளே போவதா வெளியே போவதா என்று தெரியாமல்.

"அட்ராக்டா!"

கோல்மன்தான். இது வேறு குரல், தேவைக்குக் கூப்பிடும் குரல். போனைக் காதில் வைத்தபடியே அவள் உடம்பு அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. கால் ஒரு எட்டு எடுத்தும் வைத்துவிட்டது. நான் தட்டைக் கீழே வைத்து, கையைக் காட்டி அவளை நிறுத்திவிட்டு உள்ளே போனேன்.

"நீ எதுக்குடா வந்த?" என்றார்.

"அவங்க போன்ல இருக்காங்க."

ஒரு நொடி யோசித்தார். "பாட்டில் வேணும்."

மூத்திரப் பாட்டில் கட்டிலுக்கு அடியில் இருந்தது. முப்பது வருடமாக எத்தனையோ பாய்லரில் தண்ணீர் வடித்தவன் நான். என்றாலும் போர்வையை விலக்கி, அவரைப் பக்கவாட்டில் திருப்பி, பாட்டிலைச் சரியாகப் பிடிக்க எனக்கு மூன்று தடவை ஆயிற்று. அட்ராக்டா இதை ஒரு நாளைக்கு எத்தனை தடவை செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"சொட்டுச் சொட்டா வருதே, வால்வை மாத்தணுமோ?" என்றேன், கூச்சத்தை மறைக்க.

"வாய மூடிட்டு நேராப் பிடி."

கதவு திறந்தே இருந்தது. நடையிலிருந்து அவள் பேசுவது தெளிவாகக் கேட்டது. "ஆமா கான்செப்டா, நான்தான்... இல்ல, யாரும் சாகல... கேளு. பாக்கறேன்னு சொல்லல. வர்றேன்னு சொல்றேன்... ஆமா. ரயில்லதான். நர்ஸ் ஏழு நாள்ங்கறா, ஏழு நாளும் ஓடும்... ஓடும்ங்கறேன்ல?" பிறகு அங்கே என்ன சொன்னார்களோ, அவள் பேச்சில்லாமல் விம்முவதுதான் கேட்டது.

"என்னவாம்?" என்றார் கோல்மன். என்னைவிட அவருக்குக் காது நன்றாகக் கேட்கும்.

"வர்றேன்னு சொல்லிட்டாங்க."

"நல்லது."

பாட்டிலைக் கழுவ எடுத்துக்கொண்டு திரும்பினேன். அவர் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல கைதான் அது, மேஸ்திரி கை, பிடித்தால் உருவ முடியாது. முகம் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கவாதம் விழாத பாதி உதடும் நடுங்கியது. கழுவிட்டு வந்துடறேன் என்றேன். சரி என்று தலையை ஆட்டினார். விடவில்லை. அவள் போனில் பேசி முடிக்கும் வரை அந்தப் பாட்டிலோடு நான் அப்படியே நின்றேன். நடையில் போனை வைக்கும் சத்தம் கேட்டது. அவள் வரும் செருப்புச் சத்தம் நெருங்கியதும், சட்டென்று விட்டுவிட்டு, அந்தக் கையைப் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டார்.